கிணற்று வீட்டின் குட்டிப் பீப்பாய்கள்

இர்மியின் கதையை எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பாதிப் பேர் அன்றைக்குக் குடித்திருந்தவர்கள், மீதிப் பேர் குடித்தவர்களிடம் கேட்டவர்கள். நான் அஃப்ரா, சாசேஜ் சுடுகிறவள். கெர்வா திருவிழாவில் லிண்டன் மரத்தடியில் பீர்ப் பீப்பாய்கள் வரிசையாக நிற்குமே, அதற்கு நேர் எதிரில் என் அடுப்பு. அன்று முழுக்கத் தெளிவாக இருந்த ஒரே ஆள் நான்தான். அதனால் நான் சொல்வதை நம்புங்கள்.

இர்மி எங்கள் ஹாஸ்லாஹ் ஊர்க்காரி இல்லை. குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டான்ரீட்டில் பிறந்தவள். நடந்து வந்தால் வியர்ப்பதற்குள் வந்து சேரலாம். ஆனால் அந்த ஊரில் யாரும் வீட்டுக்கு பீர் காய்ச்சுவதில்லை, கடைப் பாட்டில்தான். அது போதாதா எங்கள் ஆட்களுக்கு? கிணற்று வீட்டு மருமகளாக வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவளுக்குப் 'பாட்டில்காரி' என்றுதான் பெயர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆள் நல்ல வாட்டசாட்டம். பகலெல்லாம் பிரஷ் தொழிற்சாலையில் வேலை. புருஷன் கிலியன் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். நல்லவன்தான், ஆனால் வெந்நீர் வைக்கச் சொன்னால் அதையும் தீய்த்துவிடுவான். ஒரு குளிர்காலத்தில் ஊர் அண்டாவில் பீர் காய்ச்ச அந்த வீட்டுக்குக் காய்ச்சுமுறை வந்த வாரம் பார்த்து மாமனார் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். முறையை விட முடியாது, கிலியனை நம்ப முடியாது. இர்மியே போய் ஊர்க் காய்ச்சுக்கூடத்துப் பெரிய செப்பு அண்டா முன்னால் நின்றாள்.

முதல் காய்ச்சு காடியாகப் போயிற்று. பன்றிக்கு ஊற்றினார்கள், பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் வருஷம் பரவாயில்லை. மூன்றாம் வருஷம் குடித்த ஆண்கள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் பாராட்டு. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் அண்டா அவள் கையில்தான் இருந்தது.

"தொழிற்சாலையில மேஸ்திரி ஏவுறான், வீட்டுல மாடு ஏவுது, ஊருல எல்லாரும் ஏவுறாங்க. அந்த அண்டா முன்னாடி நிக்கிறப்ப மட்டுந்தான் அஃப்ரா எவனும் எங்கிட்ட வாயத் தொறக்குறதில்ல" என்று ஒருநாள் சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே பொறாமையாக இருந்தது.

அந்த அண்டாதான் கைவிட்டுப் போகப் பார்த்தது.

எங்கள் ஊர்க் கட்டுப்பாடு இது. காய்ச்சுமுறை உள்ள வீடுகள் கெர்வாவுக்குத் தங்கள் பீரை மரத்தடிக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததை ஊர் குடித்துத் தீர்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று கெர்வாவில் மிச்சத்தை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டுபோன வீட்டுக்கு முறை கிடையாது, காத்திருக்கும் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஊர் குடிக்காத பீருக்கு ஊர் அண்டா எதற்கு என்பது நியாயம். கிணற்று வீடு இரண்டு கெர்வா தொடர்ந்து மிச்சம் உருட்டிக்கொண்டு போயிருந்தது. இந்தத் தடவையும் உருட்டினால் கதை முடிந்தது.

இத்தனைக்கும் பீரில் ஒரு குறையும் இல்லை. நிலவறையில் குடித்தால் தேவாமிர்தம். மரத்தடியில் மாலைக்குள் சப்பென்று போய்விடும். அது ஏன் என்று அந்த வருஷம் கோடையின் தொடக்கத்தில்தான் இர்மிக்குப் பிடிபட்டது. என் பன்றித்தொடை அவர்கள் புகைக்கூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிப்போடப் போயிருந்தேன். நிலவறையில் இர்மிக்கும் கிலியனுக்கும் வாக்குவாதம். நடுவில் மாமனாரின் பீப்பாய், நூறு லிட்டர், முகப்பில் திராட்சைக்கொடி செதுக்கி, சினை மாடு போலக் கிடந்தது.

"குத்தம் காய்ச்சுறதுல இல்ல. இதுலதான் இருக்கு" என்று இர்மி அதை ஒரு உதை விட்டாள்.

"அப்பா பீப்பாய ஒதைக்காத" என்றான் கிலியன்.

"உன் அப்பா காலத்துல இந்த வீட்டு ஆளுங்க மட்டும் நாப்பது பேரு. சுத்தி உக்காந்து மணி அடிக்கிறதுக்குள்ள காலி பண்ணிருவாங்க. இப்ப நீ, நான், உன் சித்தப்பா. அவருக்கும் டாக்டரு குடிக்கக்கூடாதுன்னுட்டாரு. குழாய அடிச்சு மேல அடைப்பத் தொறந்தா காத்து உள்ள போகுது, நுரை வெளிய போகுது. அஞ்சு மணிக்கு வர்றவனுக்கு என்ன இருக்கும்? மாட்டு மூத்திரம் மாதிரி வெதுவெதுன்னு ஒண்ணு."

"அதுக்காக? சின்னப் பீப்பாய எடுத்துட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? வீடு நொடிஞ்சு போச்சும்பாங்க."

அதுதான் எங்கள் ஊரின் கிறுக்கு. வீட்டின் கௌரவத்தைப் பீப்பாயின் வயிற்றை வைத்துத்தான் அளப்போம். காய்ச்சுச் சங்கத் தலைவர் மேட்டு வீட்டுப் பங்க்ராட்ஸ் கொண்டுவருவது நூற்றைம்பது லிட்டர். தூக்க ஆறு பேர் வேண்டும். சாயங்காலம் அதில் மீதியிருப்பதை அவர் வீட்டு ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துத் தீர்ப்பார்கள், மறுநாள் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். மானம்தானே முக்கியம்.

"மானம் அண்டாவோட சேந்து போகப்போகுது. அப்புறம் நான் எதுல காய்ச்சுவேன், காப்பிப் பானையிலயா?" என்றாள் இர்மி. கிலியன் திராட்சைக்கொடியைத் தடவிக்கொண்டு நின்றான்.

எஃகுப் பீப்பாய் ஒன்றை அவள் அண்ணன் தருவதாகச் சொல்லியிருந்தான், கேஸ் சிலிண்டரோடு. அதையும் வாங்கிப் பார்த்தாள். நுரை என்னவோ வந்தது, ஆனால் பீர் சோடா மாதிரி மூக்கில் ஏறியது. "இதக் குடிச்சுட்டு ஏப்பந்தான் விடலாம், பாட்டுப் பாட முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

காட்டோரத்து வேட்டை விடுதியில் குட்டி மரப் பீப்பாய்கள் இருப்பது எனக்குத் தெரியும். விடுதிக்காரர் அவற்றை முக்காலியாகப் போட்டு வைத்திருந்தார். என் வேனில் கூட்டிப்போனேன். ஏழு பீப்பாய், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். உட்கார்ந்திருந்த ஆட்களை எழுப்பிவிட்டு இர்மி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள், அடைப்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டையில் மூக்கை வைத்து இழுத்தாள்.

"பீப்பாய் வாங்க வந்தியா, மோந்து பாக்க வந்தியா?" என்றார் விடுதிக்காரர்.

"மோந்து பாக்காம வாங்குனா அப்புறம் காலம்பூரா சகிச்சுக்கணும். உங்க வீட்டம்மாவக் கேளுங்க."

அடுப்படியிலிருந்து அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் விடுதிக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

ஒன்றில் காடி வாடை. "இது ஆகாது, எத்தன தடவ கழுவுனாலும் மரத்துக்குள்ள உக்காந்திருக்கும்." இன்னொன்றில் முட்டைக்கோஸ் ஊறப்போட்டிருக்கிறார்கள், அதை நானே மோந்து சொன்னேன். மற்ற ஐந்தில் டார்ச் அடித்து உள்ளே பிசின் பூச்சு விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். வெந்நீர் ஊற்றி அடைத்துக் குலுக்கி, சாய்த்துவைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஒழுகவில்லை. "அஞ்சு இருபது நூறு. ஊருக்கு ஒரு சொட்டுக்கூடக் குறைக்கல, யாரும் கேக்க முடியாது" என்றாள். கெர்வாவுக்கு மூன்று வாரம் முன்பு பீரை ஐந்திலும் நிரப்பி, கொஞ்சம் புளிக்காத புது பார்லிச் சாறு சேர்த்து அடைத்தாள். உள்ளேயே நுரை கட்டட்டும் என்று நிலவறையில் விட்டுவிட்டாள்.

கெர்வா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கோயில் பூசை முடிந்து ஊரே மரத்தடிக்கு வந்தது. மேட்டு வீட்டுப் பீப்பாயை ஆறு பேர் முக்கி முனகிக் கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற வீடுகளுடையதும் வரிசையாக ஏறின. கடைசியில் இர்மி ஒற்றை ஆளாக, ஒரு குட்டிப் பீப்பாயைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் கிலியன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

பங்க்ராட்ஸ்தான் முதலில் ஆரம்பித்தார்.

"ஏம்மா இர்மி, பீப்பாய் எங்க? இது அதோட குட்டி போல இருக்கே. தாய் வீட்டுல படுத்திருக்கா?"

"பால் குடிக்கிற வயசு. பாத்து, மடியில உச்சா போயிரும்" என்றான் இன்னொருவன்.

"டான்ரீட்டுல இதத்தான் பெரிய பாட்டில்னு சொல்லுவாங்க" என்றான் மூன்றாமவன். சிரிப்பில் லிண்டன் இலை உதிர்ந்தது. கிலியனின் காது இரண்டும் என் அடுப்புக் கங்கு போலச் சிவந்துவிட்டன.

இர்மி பித்தளைக் குழாயை ஓட்டையில் வைத்து, கொட்டாப்புளியை ஓங்கி ஒரே போடு போட்டாள். அங்கேதான் பிசகியது. பெரிய பீப்பாய் கனத்தில் அசையாமல் நிற்கும், குட்டிக்கு ஏது கனம்? அடி விழுந்ததும் துள்ளிப் பின்னால் போயிற்று. குழாய் பாதிதான் இறங்கியது. பீர் விசிறியடித்து இர்மி முகம், என் சாசேஜ், பங்க்ராட்ஸின் திருவிழாச் சட்டை எல்லாவற்றையும் நனைத்தது.

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இடுக்கியோடு எழுந்தேன். அதற்குள் ஒரு காரியம் நடந்தது. கிலியன், அந்த வாயில்லாப் பூச்சி, ஓடிப்போய்ப் பீப்பாய் மேல் குதிரை ஏறுகிற மாதிரிக் கால் போட்டு உட்கார்ந்து, முழங்காலால் இறுக்கிக்கொண்டான்.

"அடி" என்றான்.

"கால்ல பட்டுரப்போவுது."

"பட்டாப் படட்டும். அடி இர்மி."

அவள் அடித்தாள். குழாய் அடிவரை இறங்கியது, பீச்சல் நின்றது. கிலியன் தலைமுடியெல்லாம் நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் இர்மி அவனை அந்தப் பார்வை பார்த்தாள்.

ஆனால் பார்வை பீப்பாயைக் காலி செய்யுமா? முதல் இரண்டு மணி நேரம் எல்லோரும் பெரிய பீப்பாய்களிடம்தான் போனார்கள். பங்க்ராட்ஸ் வீட்டுப் பீரைக் குடிக்காவிட்டால் அவர் முகத்தில் விழிப்பது எப்படி? இர்மியிடம் வந்தது என்னையும் சேர்த்து நாலு பேர். நான் அடுப்பு வேலை முடியும்வரை வேண்டாம் என்று குவளையை மூடிவைத்தேன், அது கணக்கில் சேராது. குட்டி பாதிகூடக் குறையவில்லை.

திருப்பம் வாத்தியக்காரர்களால் வந்தது. ஊர்வலம் முடிந்து, வெயிலில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கி வந்த டிரம்பெட்காரன் மேட்டு வீட்டுப் பீரை ஒரு வாய் குடித்தான். குவளையைப் பார்த்தான். மரத்து வேரில் ஊற்றினான். நேரே இர்மியிடம் வந்தான்.

"உன்னோடதும் இப்படித்தானா?"

"குடிச்சுப் பாரு. புடிக்கலன்னா மரத்துக்கு ஊத்து, அதுக்குத்தான் இன்னிக்கு நல்ல யோகம்."

குடித்தான். மேலுதட்டில் நுரை மீசை. கண்ணை மூடினான். பிறகு திரும்பிக் கூட்டாளிகளுக்கு ஒரு சீட்டி அடித்தான். பன்னிரண்டு வாத்தியக்காரர்கள், ஆளுக்கு ரெண்டு. இர்மியின் பீப்பாய் காலி. கிலியன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு நிலவறைக்கு ஓடினான். இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வந்தான், அது சில்லென்று, மரமெல்லாம் முத்து முத்தாக வேர்த்துக்கொண்டு. அந்த வேர்வையைப் பார்த்ததும் ஊருக்கு நாக்கு ஊறிவிட்டது.

பங்க்ராட்ஸ் எழுந்து வந்தார். "இது வழக்கத்துல இல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு பீப்பாய்தான் வச்சுப் பழக்கம்."

"பழக்கம், கட்டுப்பாடு இல்ல" என்றாள் இர்மி. "கட்டுப்பாடு என்ன? மிச்சம் வீட்டுக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான். நூறு லிட்டர் கொண்டுவர்றேன், போன வருஷம் எவ்வளவோ அவ்வளவு."

"பங்க்ராட்ஸ், தள்ளி நில்லுங்க, வரிசையை மறைக்கிறீங்க" என்றேன் நான். என் கடைக்கும் அந்த வரிசைதான் இப்போது நீண்டிருந்தது, எனக்கென்ன பயம்?

அப்புறம் நிற்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் கிலியன் கால் போட்டு உட்கார்வான், இர்மி ஒரே அடி அடிப்பாள், கூட்டம் 'ஹோ' என்று கத்தும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று ஒரு கிழவர் குட்டியைத் தட்டிக்கொடுத்தார். காலையில் அதைப் பால் குடிக்கிற வயசு என்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர். மூன்று முடிந்தது. நான்கு முடிந்தது.

ஐந்தாவதைக் கொண்டுவந்து வைத்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. பொட்டென்று இரண்டு துளி என் அடுப்பில் விழுந்து சீறியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிலர் கிளம்பினார்கள். இர்மி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அடிக்காம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாலும் மிச்சம்தான். அடிச்சு மழை வந்தாலும் மிச்சம்தான். என்ன அஃப்ரா பண்ணட்டும்?"

"ரெண்டுமே போறதுன்னா அடிச்சுட்டே போகட்டும்."

அடித்தாள். இருபது குவளை ஊற்றியிருப்பாள், வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஊர் சிதறி ஓடியது. பெரிய பீப்பாய்கள் மழையில் அனாதையாக நின்றன. அவற்றை அசைக்க ஆறு பேர் வேண்டும், ஆறு பேரும் கூரை தேடி ஓடிவிட்டார்கள். பங்க்ராட்ஸ் தன்னுடையதன் பக்கத்தில் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கிலியன் பீப்பாயைக் குழாயோடு சேர்த்துத் தூக்கித் தோளில் வைத்தான். பாதி காலியான குட்டி, அவ்வளவுதான் கனம். "காய்ச்சுக்கூடத்துக்கு வாங்க எல்லாரும்" என்று கத்தினான். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுவரை அவனுக்கே தெரியாது. தோளில் பீப்பாயோடு அவன் ஓட, குவளையோடு ஊர் பின்னால் ஓடியது. வாத்தியக்காரர்கள் டிரம்பெட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் சாசேஜ் தட்டோடு ஓடினேன்.

கூடத்தில் நிற்க இடமில்லை. அண்டாவைச் சுற்றி ஈரத் துணியும் சாசேஜ் வாசனையும் சிரிப்புமாக ஊரே நெருக்கியடித்தது. குட்டிப் பீப்பாயை அண்டாவின் மூடிமேல் வைத்தார்கள். இர்மி ஊற்ற ஊற்றக் கைகள் நீண்டன. நானும் அடுப்பு அணைந்த உரிமையில் ஒரு குவளை வாங்கிக் குடித்தேன். அடடா. குளிர்ச்சி தொண்டையிலிருந்து முழங்கால்வரை இறங்கியது.

பீப்பாயை முன்னால் சாய்க்க வேண்டிய கட்டம் வந்தபோது கதவு திறந்தது. பங்க்ராட்ஸ் நின்றார். தொப்பியிலிருந்து ஆறாக ஓடியது, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் மரத்தடியில் முக்கால் பீப்பாய் மிச்சத்தை மழைக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கிலியன் சாய்த்துப் பிடித்தான். இர்மி கடைசிக் குவளையை விளிம்புவரை நிரப்பி, கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய் அவர் கையில் கொடுத்தாள்.

"நனஞ்சு போயிருக்கீங்க. குடிங்க."

நாள் முழுக்க அவள் பீரைத் தொடாத மனுஷன். குவளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குடிக்க ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தவே இல்லை. மீசையைத் துடைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு குவளையை நீட்டினார்.

"இன்னொன்னு ஊத்தும்மா."

இர்மி பின்னால் திரும்பிப் பார்த்தாள். கிலியன் பீப்பாயை அண்டா மூடிமேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க" என்றாள் இர்மி. "தீந்து போச்சு."